பெயரை விடுங்கள், சுவையைப் பயிலுங்கள்: கேட்டரிங் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நைனார்பாளையம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

சின்னசேலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கல்வராயன்மலை ஊர்களிலிருந்து உணவக மேலாண்மை பயிலச் சென்றிருக்கும் மாணவ மாணவியருக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,

ஊரில் எல்லோரும் ‘கேட்டரிங்’ என்று சொல்லும் படிப்பை நம்பி வீடு விட்டுச் சென்றிருக்கிறீர்கள். நாளை சென்னையின் பெரிய விடுதிகளிலோ, புதுச்சேரி உணவகங்களிலோ, வளைகுடா நாடுகளிலோ, பயணக் கப்பல்களிலோ விருந்தினரின் மேசையருகே நிற்கப்போகும் உங்களுக்கு, ஒயின் பாடம் இன்று நடத்தப்படும் முறை அங்கே கைகொடுக்காது என்பதையும், அதைத் திருத்திக்கொள்ளும் வழி புகழ்பெறாத பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்களை ஒப்பிட்டுச் சுவைத்துப் பழகுவதில் இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இம்மடல் எழுதப்படுகிறது.

உங்களில் பலர் பாடக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவை பெரும்பாலும் பெயர்களே. போர்தோ, பர்கண்டி, ஷாம்பெயின் என்ற மூன்று வட்டாரங்கள், அவற்றின் புகழ்பெற்ற பண்ணைகள், போர்தோவின் ஐந்து படித்தரங்கள், எந்த இறைச்சிக்கு எந்த ஒயின் என்ற அட்டவணை ஆகியவற்றை மனப்பாடம் செய்து தேர்வெழுதி மதிப்பெண் பெறுகிறீர்கள். ஒரு கோப்பையைக் கையில் கொடுத்து, அதன் மணம் என்ன, புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, பக்கத்துக் கோப்பையிலிருந்து அது எவ்வகையில் வேறுபடுகிறது என்று கேட்கும் வினாவைப் பல வகுப்பறைகளில் எவரும் கேட்பதில்லை. இதனால், இந்த இரண்டில் எது தம் உணவுக்குப் பொருந்தும் என்று விருந்தினர் கேட்கும்போது, மனப்பாடம் செய்த பெயர் நாவில் இருந்தும் சொல்வதற்குப் பொருள் இல்லாமல் நிற்கவேண்டிய நிலை உங்களுக்கு நேர்கிறது. அந்த நிலைக்குக் காரணம் நீங்கள் கிராமத்திலிருந்து வந்ததோ, ஆங்கிலம் தடுமாறுவதோ அன்று. சுவைக்கக் கற்பிக்காமலே சுவை பற்றிய தேர்வு நடத்தப்பட்டதுதான்.

மேற்கொண்டு செல்லும் முன் இந்த மாவட்டத்திலிருந்து எழுதப்படும் ஒரு மடல் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெத்தனால் என்பது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய ஒருவகைச் சாராயம். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைத்து உயிரையும் பறிக்கும். கல்வராயன்மலையின் பெயரைக் கள்ளச்சாராயச் செய்திகளிலேயே கேட்டுப் பழகிய குடும்பங்களில், பிள்ளை ஒயின் பாடம் படிக்கிறான் என்றால் தாய்க்கு நெஞ்சு பதறுவதில் வியப்பில்லை. ஆகவே இம்மடல் குடிப்பதற்கு அழைக்கவில்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். தொழில்முறைச் சுவைஞர் வாயில் வாங்கிய ஒயினை விழுங்காமல், அருகில் வைத்த உமிழ்கலத்தில் உமிழ்ந்துவிடுவார். ஒரே அமர்வில் பல ஒயின்களை மதிப்பிடவேண்டியவருக்கு மூக்கும் நாவும் தெளிவாக இருக்கவேண்டும் என்பதே அதற்குக் காரணம். தமிழ்நாட்டில் மது அருந்துவதற்கான வயது 21. அந்த வயதை எட்டாதவரும், சமயத்தாலோ குடும்பத்தாலோ மனத்தாலோ மதுவைத் தொட விரும்பாதவரும் இப்பயிற்சியின் பெரும்பகுதியை வேறு பொருள்களைக் கொண்டே செய்யமுடியும் என்பது பின்னர் விளக்கப்படும்.

நீங்கள் மனப்பாடம் செய்யும் அந்தப் படித்தர வரிசை எப்படிப் பிறந்தது என்பதை அறிந்தால், அதன்மேல் வைத்திருக்கும் அச்சம் குறையும். 1855ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியை முன்னிட்டு, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், போர்தோ ஒயின் தரகர்கள் அந்த வரிசையைத் தொகுத்தனர். ஒவ்வொரு பண்ணையின் ஒயினும் சந்தையில் நெடுங்காலமாகப் பெற்றுவந்த விலையே அவர்களுக்கு முதன்மையான அளவுகோலாக இருந்தது. அதன்பின் சிவப்பு ஒயின் பண்ணைகளின் தரவரிசையில் நிகழ்ந்த பெரிய மாற்றம், 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற பண்ணை இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு உயர்த்தப்பட்டது ஒன்றுதான். சின்னசேலம் வட்டாரத்தில் மரவள்ளி பயிரிடுவோர் வீட்டில் பிறந்தவர்கள் இதை எளிதில் எடைபோட முடியும்: சேகோ ஆலையில் கிழங்குக்குப் ‘பாயிண்ட்’ பார்த்து, அதாவது மாவுச்சத்தின் அளவைக் கண்டு, அதன்படி விலை போடுகிறார்கள், கிழங்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்காக எவரும் பாயிண்டைக் கூட்டி எழுதுவதில்லை. போர்தோவின் வரிசையிலோ விலை முன்னே வந்து தரத்தை முடிவுசெய்தது. அந்த வரிசையில் உள்ள ஒயின்கள் சிறந்தவை அல்ல என்று இதற்குப் பொருளில்லை. அவற்றின் சிறப்பை உங்கள் நாவு கண்டறியும் முன்பே விலைப்பட்டியல் உங்களுக்குச் சொல்லிவிடுகிறது என்பதே குறை.

முன்கூட்டியே தெரிந்துவிட்ட செய்தி சுவையை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பது ஆய்விலும் நிறுவப்பட்டுள்ளது. பிரெடெரிக் ப்ரோஷே உள்ளிட்ட ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், போர்தோவில் ஒயினியல் பயின்ற 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினும், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட அதே வெள்ளை ஒயினும் தரப்பட்டன. நிறத்தைக் கண்ட மாணவர்கள், சாயமிட்ட ஒயினைச் சிவப்பு ஒயின்களுக்கு வழங்கும் மணச்சொற்களாலேயே விவரித்தனர். ஒயின் விளையும் நகரத்திலேயே பயின்றவர்களின் மூக்கைக் கண் இவ்வாறு திசைதிருப்ப முடியுமானால், புகழ்பெற்ற பெயரொன்று அச்சிட்ட குப்பி உங்கள் முன் வைக்கப்படும்போது உங்கள் மூக்கு தன் போக்கில் இயங்கும் என்று நம்புவது கடினம். அறியப்படாத ஒயின்கள் உங்களுக்குத் தேவைப்படுவது இங்கேதான். அவற்றின் பெயர் உங்களிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாது. பாராட்டவேண்டும் என்ற கட்டாயம் எழாது. கோப்பையில் இருப்பதைக் கொண்டே நீங்கள் பேசியாகவேண்டும்.

பிரான்ஸில் அத்தகைய சிவப்பு ஒயின்களுக்குப் பஞ்சமில்லை. தென்மேற்கே பிரெனே மலையடிவாரத்தில் விளையும் மதிரான் என்ற ஒயின், ‘தனா’ எனப்படும் கருந்திராட்சையை முதன்மையாகக் கொண்டது. கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா வட்டாரத்தில் ஆர்புவா என்ற சிற்றூரைச் சுற்றி ‘புல்சார்’ என்ற மெல்லிய தோலுடைய திராட்சை பயிரிடப்படுகிறது. 1936இல் பிரான்ஸின் முதல் உரிமைப்பெயர்கள் வழங்கப்பட்டபோது ஆர்புவாவும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. உரிமைப்பெயர் என்பது, குறிப்பிட்ட நிலப்பரப்பில், வகுக்கப்பட்ட திராட்சை வகைகளைக் கொண்டு, வகுக்கப்பட்ட முறையில் செய்த ஒயினுக்கு மட்டுமே அவ்வூர்ப் பெயரைச் சூட்டலாம் என்ற சட்டப் பாதுகாப்பு. நம் நாட்டின் புவிசார் குறியீட்டுக்கு நெருங்கிய உறவுடையது. இந்த இரண்டு ஒயின்களையும் அருகருகே வைத்தால், சிவப்பு ஒயின் என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு அகலம் அடங்கியிருக்கிறது என்பதை முதல் அமர்விலேயே உணர்வீர்கள். மதிரானின் நிறம் மை போல் அடர்ந்திருக்கும். புல்சார் ஒயின் கோப்பையின் மறுபுறம் தெரியும் அளவுக்கு வெளிறியிருக்கும். மதிரான் ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் இறுகப் பிடிக்கும்; புல்சார் அவ்வாறு பிடிக்காமல் புளிப்பும் செம்பழ மணமுமாகக் கடந்துபோகும்.

அந்தப் பிடிப்புக்குக் காரணம் டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் உள்ள இந்தத் துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு சேர்ந்து திரண்டுவிடுவதால், வாயின் வழுவழுப்பு நீங்கி உலர்ந்த உணர்வு தோன்றுகிறது. இதை உணர்வதில் நீங்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். கல்வராயன்மலையில் கிடைக்கும் கடுக்காய், அதன் டானின் செறிவுக்காகவே தோல் பதனிடப் பயன்படுவது. வாழைப்பூவும் நெல்லிக்காயும் பாக்கும் துவர்ப்பின் வெவ்வேறு அளவுகளை உங்களுக்குச் சிறுவயதிலேயே பழக்கியிருக்கின்றன. அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்பைத் தனித்து எண்ணும் மரபில் வளர்ந்த நாவு அது. கடுக்காய்த் தூளை மூன்று வெவ்வேறு அளவுகளில் நீரில் கலக்கி, துவர்ப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே பிடிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதிப் பழகியபின் மதிரானைச் சுவைத்துப் பாருங்கள். விருந்தினருக்கு அதை விளக்கும் சொல்லைத் தேடி அலையவேண்டியிருக்காது. கொழுப்புள்ள ஆட்டுக்கறிக்கு அது ஏன் பொருந்துகிறது என்பதும் அட்டவணையின் துணையில்லாமலே விளங்கும்: இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினின் பிடிப்பைத் தளர்த்துகின்றன.

இரண்டாவது ஒப்பீட்டை மிளகில் தொடங்கலாம். தென்மேற்குப் பிரான்ஸில் காயாக் வட்டாரத்துத் ‘துராஸ்’ திராட்சையிலும், ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவுவா வட்டாரத்தின் ‘மோந்தூஸ்’ திராட்சையிலும் தெளிவான மிளகு மணம் எழுவதுண்டு. அது வெறும் உவமை அன்று. ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருளே மிளகுக்கும் இத்தகைய ஒயின்களுக்கும் அந்த மணத்தைத் தருகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளிப்படுத்தினர். சுவைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் அந்த மணத்தை அதிக அளவிலும் உணரமுடியவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இதிலிருந்து நீங்கள் கொள்ளவேண்டிய பாடம் பெரிது. பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்லும்போது உங்களுக்கு அது தெரியாவிட்டால், அவர் பொய் சொல்கிறார் என்றோ உங்களுக்கு ஞானம் இல்லை என்றோ முடிவுகட்டிவிடக்கூடாது. இருவர் மூக்கும் பிறப்பிலேயே வேறுபட்டிருக்கக்கூடும். எனவே சுவைப் பயிற்சி தனியொருவர் செய்யும் வேலை அன்று. ஐந்தாறு பேர் சேர்ந்து, முதலில் ஒருவர் குறிப்பை மற்றவர் பாராமல் எழுதி, பிறகு ஒப்பிடும்போதுதான் எது கோப்பையில் இருந்தது, எது அவரவர் மூக்கில் இருந்தது என்று பிரித்தறிய முடியும்.

மூன்றாவதாக மார்சியாக் என்ற ஒயினைக் கருதுங்கள். தென்மேற்குப் பிரான்ஸில் அவெரோன் என்ற மாவட்டத்தின் சரிவுகளில், இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணில், உள்ளூரார் ‘மான்சுவா’ என்றழைக்கும் ஃபெர் செர்வதூ திராட்சையிலிருந்து அது செய்யப்படுகிறது. போர்தோவோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு மிகச் சிறியது. ஏறத்தாழ 200 ஹெக்டேர். அருகிலிருந்த தெகாஸ்வில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரே ஒரு காலத்தில் அதன் வாடிக்கையாளர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபில்லாக்சரா என்ற வேர்ப்பூச்சியும், பின்னர் சுரங்கங்களின் வீழ்ச்சியும் அதை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டன. எஞ்சிய உழவர்கள் 1960களில் கூட்டுறவாக ஒன்றுசேர்ந்து, கைவிடப்பட்ட சரிவுகளை மீண்டும் திருத்தி, 1990இல் உரிமைப்பெயரைப் பெற்றனர். மலைச்சரிவில் சாமையும் தினையும் விளைவித்து, விலை கிடைக்காமல் தவிப்போரை அறிந்த உங்களுக்கு இந்த வரலாறு அயலாகத் தோன்றாது. செம்பழ மணமும் சற்றே மிளகும் புளிப்பும் கலந்த, சாராய அளவு மிகாத அந்த ஒயினை, அதே தென்மேற்கில் விளையும் காஓரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காஓர் என்பது 1956 பிப்ரவரி உறைபனியில் தன் கொடிகளைப் பெரும்பாலும் இழந்து, மீண்டும் நட்டு, 1971இல் உரிமைப்பெயர் பெற்ற வட்டாரம். அதன் முதன்மைத் திராட்சையான மால்பெக் 1853இல் அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே பெரும்புகழ் பெற்றது. பிறந்த ஊரில் மங்கிய திராட்சை பெயர்ந்த நாட்டில் ஒளிர்ந்ததன் காரணத்தை, காஓர் ஒன்றும் அர்ஜென்டினாவின் மெந்தோசா ஒயின் ஒன்றுமாக இரு கோப்பைகளை அருகருகே வைத்து நீங்களே ஆராயலாம்.

மதுவைத் தொடாதவர்கள் இப்பயிற்சியில் எப்படிப் பங்கேற்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது. 2023இல் அது புவிசார் குறியீடு பெற்றது. அதே வகைத் திராட்சை பிரான்ஸின் வென்தூ மலையடிவாரத்திலும் உண்பதற்காகவே பயிரிடப்பட்டு, 1997இல் உரிமைப்பெயர் பெற்றிருக்கிறது. ஒரே கொடியை இரு நாட்டு உழவர் வளர்த்து, இரு நாட்டுச் சட்டங்களும் அந்தந்த மண்ணின் பெயரால் காக்கின்றன என்றால், திராட்சையைச் சுவைத்து வேறுபாடு காண்பது உங்களுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத வேலை என்று எவரும் சொல்லமுடியாது. கம்பத்தின் பல தோட்டங்களிலிருந்து வரும் பன்னீர் திராட்சையையும், மலைத்தேனையும் கொசுத்தேனையும், கடுக்காய் நீரையும் இதே முறையில், பெயர் மறைத்து, குறிப்பெழுதி ஒப்பிடுபவர், ஒரு துளி மதுவும் படாமல் சுவைஞருக்குரிய கவனத்தையும் சொல்வன்மையையும் பெற்றுவிடுவார்.

இப்போது நடைமுறை. நான்கு குப்பிகள் போதும்; அவற்றைத் தாளால் சுற்றி, 1 முதல் 4 வரை எண் மட்டும் இடுங்கள். சுவைப்பவர் எவரும் குப்பிகளைச் சுற்றியவராக இருக்கக்கூடாது. வாய் குறுகிய, தண்டுள்ள கோப்பையில் ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் ஊற்றினால் போதும். மேலே எஞ்சும் வெற்றிடத்தில்தான் மணம் திரளும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறவேண்டும் என்று பாடநூல் சொல்வது ஐரோப்பியக் குளிர்நாட்டு அறையைக் கருதியே. நம் கோடையின் 38 பாகை வெப்பத்தில் சாராய நெடி மேலோங்கி மற்ற மணங்களை அமுக்கிவிடும். மதிரானையும் காஓரையும் 16 பாகை அளவிலும், புல்சாரையும் மார்சியாக்கையும் 13 அல்லது 14 பாகை அளவிலும் குளிர்வித்துக்கொள்ளுங்கள். முதலில் கோப்பையை அசைக்காமலும் பிறகு சுழற்றியும் முகருங்கள்; சிறிது வாயில் வாங்கி, நாவெங்கும் பரவவிட்டு, உமிழ்ந்துவிடுங்கள். புளிப்பு, துவர்ப்பு, ஒயினின் கனம், மணம், உமிழ்ந்தபின் சுவை நிற்கும் நேரம் என்ற ஐந்து தலைப்புகளில் தமிழிலேயே எழுதுங்கள். நன்று, தீது என்ற தீர்ப்பைக் கடைசி வரை ஒத்திவையுங்கள்.

இவை எங்கே கிடைக்கும், யார் வாங்கித் தருவார் என்று நீங்கள் கேட்பது நியாயமே. இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலம் 150 விழுக்காடு சுங்க வரி விதித்த நாடு இது; மார்சியாக்கும் புல்சாரும் இங்கே கிடைப்பது அரிது. எனினும் காஓர், ஷினோன், கோர்பியேர், மினெர்வுவா போன்ற, உச்சியில் வைத்துப் பேசப்படாத பெயர்கள் பெருநகரங்களில் அவ்வப்போது கிடைக்கக்கூடும். ஐந்தாறு பேர் பகிர்ந்து வாங்கினால் ஒரு குப்பி ஒரு வகுப்புக்கே போதும். பாரிஸிலும் கப்பல்களிலும் வேலை செய்யும் முன்னாள் மாணவர்களே, உங்களுக்கு இன்னும் பெரிய பொறுப்பு உண்டு: விருந்தினர் குடித்து முடித்த பெரும்பெயர்க் குப்பிகளைப் படமெடுத்து அனுப்புவதை விடுத்து, நீங்கள் சுவைத்த சிறிய ஒயின்களின் குறிப்புகளை எழுதி, உங்கள் பின்னால் வரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களை நோக்கி இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லாமலிருக்கலாம். அகமதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை, பெயர் மறைத்த இரண்டு கோப்பைகளை ஒப்பிட்டு எழுதும் குறிப்புக்கு ஒதுக்குங்கள். கோப்பையில் ஒயின் இருப்பதா, பன்னீர் திராட்சைச் சாறு இருப்பதா என்பதை மாணவரின் வயதும் விருப்பமும் முடிவுசெய்யட்டும். சரியான பெயரைச் சொன்னவருக்கு அல்லாமல், தான் உணர்ந்ததைத் தெளிவாகவும் நேர்மையாகவும் எழுதியவருக்கு மதிப்பெண் கொடுங்கள். மிளகு தெரியவில்லை என்று துணிந்து எழுதும் மாணவரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

மாணவ மாணவியரே, மதுவால் மாண்டவர்களின் மாவட்டம் என்று உங்கள் ஊரைச் சுட்டும் உலகத்தின் முன், ஒரு பானத்தைப் பகுத்தறிந்து, அளவறிந்து, அதை விளைவித்த உழவரை மதித்துப் பேசத் தெரிந்தவர்களாக நீங்கள் நிற்கவேண்டும். அதற்கு விலையுயர்ந்த குப்பிகள் தேவையில்லை; பழகிய மூக்கும், பயிற்சியும், ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளும் சிறு குழுவும் போதும். வரும் பருவத் தேர்வுக்கு முன்பாகவே உங்கள் விடுதியில் ஐந்து பேரைச் சேர்த்து முதல் அமர்வை நடத்துங்கள். கடுக்காயிலிருந்து தொடங்கினாலும் சரி, காஓரிலிருந்து தொடங்கினாலும் சரி, எழுதிய குறிப்புகளைப் பத்திரப்படுத்தி அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படையுங்கள். இதைச் செய்யும்படி உங்களை உரிமையோடும் அக்கறையோடும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.